மூவுக்கும் தேவுக்கும் நடுவே

காலை ஆறு மணி பத்து நிமிடம். விழுப்புரத்துக்குத் தெற்கே, பெண்ணையாற்றங்கரையில் புதிதாக அமைத்திருந்த பூங்காவுக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டவர், ஒரு தகரப் பெயர்ப்பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்ற பெண். நாற்பது வயது இருக்கும். செங்கல் நிறப் புடவை. இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்ப் பலகையின் ஓரங்களைப் பிடித்திருந்தார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது.

அவருக்குப் பக்கத்தில், புதுச் சிமென்ட் மேடைமேல், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் சிலை.

காவலாளி கொஞ்ச தூரத்தில் பீடியோடு உட்கார்ந்திருந்தார்.

"யம்மா, வெயிலு ஏறுச்சுன்னா தகரம் காயும். முதுகு வெந்துடும்."

"வேவட்டும்."

"எவ்ளோ நேரம்தான் நிப்ப?"

"பெரியாபீசரு வர்ற வரைக்கும் நிப்பேன். அவரு வந்தாலும் நிப்பேன்."

"உன் ஊட்டுக்காரரு தேட மாட்டாரா?"

"அவரு போய்ச் சேந்து எட்டு வருசம் ஆவுது. தேடுனா உன்னைத்தான் வந்து தேடுவாரு."

காவலாளி பீடியை அணைத்துவிட்டு எழுந்து வேறு பக்கம் போனார்.

அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. என்னைத் திண்டிவனத்திலிருந்து முதல் வண்டியில் அழைத்து வந்தவன் அவருடைய தம்பி ஏழுமலை. ரயிலில் வரும் பத்திரிகைக் கட்டுகளைத் திண்டிவனம் ஸ்டேஷனில் இறக்கிக் கடைகளுக்குப் போடுகிறவன். நான் சென்னைத் தினசரி ஒன்றுக்குத் திண்டிவனம் நிருபராக இருந்த காலம் அது. அறுபதுகள் பிறந்து ஓரிரண்டு ஆண்டு ஆகியிருக்கலாம்.

பூங்காத் திறப்பு விழாவுக்கு எப்படியும் போகவேண்டியவன்தான் நான். ஏழுமலை முந்தின நாளே வீட்டுக்கு வந்து, "சார், நீங்க விழாவுக்கு முன்னாடியே வந்து நின்னுக்கினீங்கன்னா போதும். பேப்பர்காரருன்னா அவங்களும் கொஞ்சம் பாத்துப் பேசுவாங்க" என்றான். விஷயத்தை ரயிலில் சொன்னான்.

ஏரியிலிருந்து ஆற்றுக்கு

விஷயம் இதுதான்.

ஒலக்கூருக்குக் கிழக்கே ஓர் ஊர். பெயரை இப்போதும் எழுத விரும்பவில்லை. அந்த ஊர் ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் ஒரு கல் இருந்தது. பெருத்த வயிறு. கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்த ஒரு பெண். வலப்பக்கம் மாட்டு முகத்தோடு ஒரு பிள்ளை, இடப்பக்கம் ஒரு பெண் பிள்ளை. தலைக்குப் பக்கத்தில் காக்கைக் கொடி. ஊரார் அவளை ஏரியாத்தா என்றார்கள்.

அவளுக்குக் கோயில் இல்லை, பூசாரி இல்லை. ஏரி நிரம்பிக் கோடியில் தண்ணீர் வழிந்தோடுகிற அன்று பெண்கள் ஒரு விளக்கு வைப்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து ஒரு விளக்கு. அவ்வளவுதான் வழிபாடு.

ஒரு பெருமழைக்குப் பிறகு கரையைப் பலப்படுத்தியபோது சிலையைப் பெயர்த்து வயலோரம் சாய்த்து வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பூங்காக் கமிட்டியின் செயலாளர் சைக்கிளில் அந்தப் பக்கம் போயிருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கல்லையும் கல்வெட்டையும் தேடித் திரிகிறவர். ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். டவுனில் மேடை கட்டி வைப்போம், நாலு பேர் பார்ப்பார்கள், உங்கள் ஊர்ப் பெயரையும் எழுதிப் போடுவோம் என்றார். ஊருக்குப் பெருமையாக இருந்தது. மாலை போட்டு, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து அனுப்பினார்கள்.

செயலாளர் வாக்குத் தவறவில்லை. மேடை கட்டினார். ஊர்ப் பெயரையும் எழுதிப் போட்டார். அதற்கு மேலே சிலையின் பெயரை எழுதினார்: 'மூதேவி'.

அஞ்சலைக்கு ஒரே மகள். பெயர் பூங்காவனம். எங்கள் பக்கத்தில் இரண்டு தெருவுக்கு ஒரு பூங்காவனம் இருப்பாள். அந்தப் பெண்ணுக்கு விழுப்புரத்தில் பரிசம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை தனபால் ரயில்வே லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன். மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர், திறப்பதற்கு முன்பே பூங்காவை வேடிக்கை பார்க்கப் போனவர், பலகையைப் படித்தார். ஊர்ப் பெயரையும் படித்தார். நேரே தனபாலின் அம்மாவிடம் போய்ச் சொன்னார்: "நீ பொண்ணெடுக்கிற ஊருல மூதேவியைக் கும்பிடறாங்க."

தனபாலின் அம்மா குப்பம்மாள் உடனே பரிசப் புடவையைத் திருப்பிக் கேட்டுவிடவில்லை. "நானே வந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஆள் அனுப்பியிருந்தார். பார்க்க வருவதாகச் சொன்ன நாள், திறப்பு விழா நாள்.

ஒரு வசவின் கதை

இங்கே கொஞ்சம் விலகிப் போகவேண்டும்.

விடிந்த பிறகும் தூங்குகிற பிள்ளையை எழுப்ப எங்கள் வீட்டில் ஒரே சொல்தான் இருந்தது. மூதேவி. வாரும்போது உதிர்ந்த முடியைச் சுருட்டாமல் போட்டால் மூதேவி. விளக்கு வைக்கிற நேரத்தில் சிணுங்கினால் மூதேவி. என் அக்காவும் நானும் அதை எங்கள் இரண்டாவது பெயர் என்றே நினைத்திருந்தோம். ஆனால் அந்தச் சொல்லை வெளியார் ஒருவர், அதுவும் கல்யாணப் பெண்ணைப் பார்த்துச் சொன்னால், அந்த வீட்டில் அன்று உலை வைக்கமாட்டார்கள்.

பத்திரிகையில் சேர்ந்த புதிதில் தலைமை உதவி ஆசிரியர் எனக்குச் சொன்னார்: "ஒருவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. பெயரை மட்டும் தப்பாக எழுதாதே. மீதியை மன்னிப்பார்கள்." அந்தப் பூங்காவில் நான் கண்டது அதைவிடச் சிக்கலானது. பெயரில் தப்பே இல்லை.

பூங்காவையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றை ஒட்டி நீளமான மணல் திட்டு. சவுக்குக் கம்பு வேலி. கனகாம்பரப் பாத்தி. எழுத்து வெட்டிய ஒரு கல்செக்கு. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த, துரு ஏறிய ஒரு பீரங்கிக் குழாய். அதன் வாய்க்குள் ஓணான் குடியிருந்தது. தலையில்லாத ஒரு புத்தரோ சமணரோ. ஆற்றில் ஓரமாக முழங்கால் அளவுத் தண்ணீர், மீதி மணல். ஈர மணலின் வாசனையோடு, நுழைவாயில் வளைவுக்கு அடித்துக்கொண்டிருந்த பெயிண்டின் வாசனையும் கலந்து வந்தது.

"வேலி போட்டாச்சே அம்மா"

செயலாளர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்தார். வெள்ளை வேட்டி, மூடிய கழுத்துக் கோட்டு. அஞ்சலை பலகையை விடாமலே பேசினார்.

"சார், பூங்காவனத்தை நீங்கதான் சார் காப்பாத்தணும்."

"காப்பாற்றத்தானே அம்மா இத்தனை பாடு? ஆடு மாடு வராமல் சுற்றிலும் வேலி போட்டாச்சே."

"பொண்ணுக்கு எதுக்குங்க வேலி?"

செயலாளர் விழித்தார். ஏழுமலை குறுக்கே வந்தான். "சார், பூங்காவனம்ன்றது எங்க அக்கா பொண்ணு பேரு."

காவலாளி சிரித்துவிட்டார். அஞ்சலை சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். செயலாளர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, வகுப்பில் பேசுவது போல நிதானமாகச் சொன்னார்:

"அம்மா, நான் கேவலமாக எழுதவில்லை. இவள் லட்சுமிக்கு அக்கா. மூத்த தேவி. அதுதான் சுருங்கி மூதேவி ஆச்சு. அந்தக் காலத்தில் ராஜாவும் ராணியும் கும்பிட்ட தெய்வம் இது."

"அந்தக் காலத்து ராஜா வந்து எம் பொண்ணைக் கட்டிக்குவாராங்க?"

செயலாளர் சிலையின் பக்கம் திரும்பினார். அஞ்சலை விடவில்லை.

"ரெண்டு பக்கமும் புள்ளைங்களை வச்சுக்கினு, வயிறும் வாயுமா உக்காந்துக்கினு இருக்கிறவளுக்கு இந்தப் பேரு எப்டிங்க பொருந்தும்? நாங்க பேரு சொல்லித்தானே அனுப்பினோம், ஏரியாத்தான்னு."

"அது உங்கள் ஊரில் கூப்பிடுகிற பேர். பலகையில் இருப்பது சரித்திரம். சரித்திரத்தை நான் அழிக்க முடியாது."

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. குறிப்பேட்டை வெளியே எடுக்கவும் இல்லை. ஆனாலும் செயலாளர் என் சட்டைப்பையில் இருந்த பேனாவை ஒரு தடவை பார்த்தார். பூங்காவைத் திறந்துவைக்கும் அதிகாரி கடலூரிலிருந்து புறப்பட்டிருப்பார். விழா மேடைக்கு எதிரே ஒரு பெண் பலகையோடு ஒட்டிக்கொண்டு நிற்பதை அவர் பார்க்கக் கூடாது. அது செயலாளரின் கவலை. குப்பம்மாள் அதற்கும் முன்னால் வந்துவிடுவார். அது அஞ்சலையின் கவலை.

செயலாளர் சிலை மேடையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அழிக்க மாட்டேன். ஆனால் சேர்க்கலாம். விரித்து எழுதினால் தப்பில்லை. மூத்ததேவி. ஒரு 'த்', ஒரு 'த'."

இரண்டு எழுத்து

பெயிண்டர் வளைவில் ஏணிமேல் இருந்தார். அழைத்ததும் கீழே இறங்காமலே கத்தினார்.

"இன்னா சார் பேஜாரு! 'வருக'வுல இன்னும் 'க' பாக்கி. இப்பப் போயி மூதேவியைத் தொடச் சொல்றீங்க."

"ஜல்தியா வாப்பா. 'க' இல்லாமலும் வருவார்கள்."

பெயிண்டர் வெள்ளை டப்பாவோடு வந்தார். அஞ்சலை அப்போதுதான் பலகையை விட்டு நகர்ந்தார். பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து. செயலாளர் எழுதிக் கொடுத்ததைப் பெயிண்டர் அழகாகவே எழுதியிருந்தார். அழகாக எழுதியதுதான் இப்போது தொந்தரவு.

"எடமே இல்ல சார். மூவுக்கும் தேவுக்கும் நடுவுல ஒரு எறும்பு கூட நுழையாது."

"மேலே போடு."

அவர் தூரிகையை எச்சிலால் கூராக்கி, மூவுக்கும் தேவுக்கும் நடுவே, சற்று மேலே, சின்னதாக 'த்த' என்று எழுதினார். கீழே ஒரு கூரையடையாளம் போட்டார். அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவர்கள் விடுபட்ட எழுத்துக்குப் போடுகிற அதே அடையாளம். எங்கே கற்றார் என்று தெரியவில்லை.

அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. தம்பியிடம் கேட்டார்: "மாறிடுச்சா?"

"மாறிடுச்சுக்கா."

"பேரு மாறிடுச்சா, எழுத்து மட்டும் மாறிச்சா?"

ஏழுமலை வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "வந்துட்டாங்க" என்றான்.

வாசிக்கத் தெரியாதவர்

குப்பம்மாள் மெலிந்தவர். நரைத்த தலை. காதில் ஒன்றும் இல்லை. முன்னால் அவர் நடந்தார், பின்னால் தனபால். ஷெட்டிலிருந்து நேரே வந்திருந்தான் போல. எத்தனை கழுவியும் நகத்தோரம் கரி இருந்தது. வாசலில் மல்லாட்டைக் கடலை விற்கிறவள் கூப்பிட்டதைக் குப்பம்மாள் கவனிக்கவில்லை. யாரையும் வணங்கவில்லை. சிலைக்கு நேரே வந்து நின்றார். அவருக்கும் வாசிக்கத் தெரியாது.

"படிடா" என்றார்.

தனபால் பலகையைப் பார்த்தான். அந்தச் சின்ன எழுத்துகளில் அவன் கண் நின்றது எனக்குத் தெரிந்தது. ஈரம் வெயிலில் மின்னியது. அவன் ஒரு தடவை அஞ்சலையைப் பார்த்தான்.

"மூத்ததேவி" என்று படித்தான். "கீழ ஊருப் பேரு."

"மூதேவின்னுதானே சொன்னாங்க?"

"மூத்ததேவின்னுதாம்மா போட்டுக்கிறாங்க."

குப்பம்மாள் பலகைக்கு அருகே போனார். எழுத்துத் தெரியாதவர் பலகையை எழுத்தாகப் பார்ப்பதில்லை. ஒரு வரிசையில் எல்லாம் ஒரே அளவு. இரண்டு மட்டும் சிறியவை, மேலே ஏறியவை. அந்த இரண்டின்மேல் விரலை வைத்தார். எடுத்துப் பார்த்தார். விரல் நுனி வெள்ளையாக இருந்தது. முகர்ந்து பார்த்தார்.

மகனைக் கேட்கவில்லை. அஞ்சலையைப் பார்த்துத் திரும்பினார்.

"இது எப்ப எழுதுனது?"

"இப்பத்தான்."

"முன்னாடி இன்னா இருந்துச்சு?"

"நீங்க கேள்விப்பட்டதுதான்."

ஏழுமலை அக்காவின் முழங்கையைப் பிடித்தான். செயலாளர் எதையோ விளக்க வாயெடுத்தார். குப்பம்மாள் அவர் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். வெள்ளை விரல் நீட்டியபடியே இருந்தது.

"எழுதுனவங்களை நான் கேக்கல. இதுக்கு நீ வௌக்கு வச்சியா, வைக்கலையா? அதைச் சொல்லு."

"எங்க அக்கா அந்தப் பக்கமே போவாதுங்க" என்றான் ஏழுமலை. "வயசானவங்க யாருனா வைப்பாங்க. எங்க ஊட்ல அதெல்லாம்..."

"ஏய், சும்மா இரு" என்றார் அஞ்சலை.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சிலையின் பக்கம் போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. குப்பம்மாளையேதான் பார்த்தார்.

"வச்சேன். பூங்காவனம் பொறந்தப்ப வச்சேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்து தங்கல, அப்பவும் வச்சேன். ஏரி ரொம்புனப்பல்லாம் வச்சேன். இல்லன்னு சொல்ல மாட்டேன்."

தனபால் தரையைப் பார்த்தான். ஆற்றில் யாரோ மாடு குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டது. வாசலில் பேண்டுக்காரர்கள் வந்து இறங்கி, ஒருவர் கிளாரினெட்டை ஊதிச் சரிபார்த்தார். குப்பம்மாள் பேச அது ஓயும்வரை காத்திருந்தார்.

"நான் ரெண்டு புள்ளையைக் குழியில வச்சுட்டு நிக்கிறவ" என்றார். குரல் உயரவில்லை. "இவன் மூணாவது. எனக்கு ரோசம் இல்ல. பயந்தான்."

"தெரியுதுங்க."

"பொண்ணு நல்ல பொண்ணுதான். நான் பாத்தேன். அனுப்பு. ஆனா அனுப்புனது அனுப்புனதுதான். அவ மறுவாட்டி அந்த ஊருக்கு வரக் கூடாது. திருவிழாவுக்கு, நல்லது கெட்டதுக்கு, எதுக்கும் வாணாம். தலைப்பிரசவமும் எங்க ஊட்லதான். உங்க ஊரு ஏரித் தண்ணி அவ கால்ல படக் கூடாது."

"அம்மா, இன்னாம்மா இது" என்றான் தனபால்.

"நீ பேசாத. சாவுக்குத் துணிஞ்சு வண்டி நெருப்புல வேலை பாக்கறவன் நீ. பயப்படறது என் வேலை."

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பாவிட்டால், இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். அஞ்சலைக்கு அது தெரியும். வேலிக்கு வெளியே கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. செயலாளர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

அஞ்சலை கேட்டார்: "நான் வந்து பாக்கலாமா?"

"நீ வா. உன்னை யாரு வாணாம்னது."

வளைவில் பெயிண்டர் 'க'வை முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார்.

"சரிங்க அண்ணி" என்றார் அஞ்சலை.

அதுவரை அவர் குப்பம்மாளை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. குப்பம்மாள் தலையை ஒரு தடவை அசைத்தார். விரலில் இருந்த வெள்ளையை மேடைச் சிமென்டில் தேய்த்துவிட்டு நடந்தார். தனபால் இரண்டடி பின்தங்கி, அஞ்சலையிடம் ஏதோ சொல்ல நின்றான். பிறகு அம்மாவின் பின்னால் போனான்.

ஆறு வரி

அதிகாரியின் ஜீப் வந்தது. பேண்டு வாசித்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். அதிகாரி பீரங்கியைத் தட்டிப் பார்த்தார். கல்செக்கில் எவ்வளவு எண்ணெய் ஆட்டலாம் என்று கேட்டார். பெருவயிற்றுச் சிலையிடம் வந்தபோது பலகையைப் படித்துவிட்டு, "மேலே இருப்பது என்ன?" என்றார். விடுபட்ட எழுத்து என்றார் செயலாளர். அதிகாரி அடுத்ததற்குப் போய்விட்டார்.

என் செய்தி ஆறு வரி வந்தது. மூத்ததேவி பற்றி அதில் ஒன்றும் இல்லை. பூங்காவில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை ஆசிரியர் பீரங்கியோடு நிறுத்திவிட்டார்.

அஞ்சலை வேலிக்கு வெளியே, சவுக்குக் கம்பு நிழலில் உட்கார்ந்து, தம்பி வாங்கிவந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் விடைபெறப் போனேன்.

"பேப்பருல போடுவீங்களா?" என்றார்.

"இல்லம்மா."

"போடாதீங்க. ஊருப் பேரு வந்துடும்."

ஏழுமலை அக்காவிடம் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தான். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். பொய்யா சொல்ல வராது உனக்கு? சந்தையில கேப்பைக்கு வெல சொல்றப்ப மட்டும் வருதே!"

"கேப்பை எனக்குப் புள்ள குடுத்துச்சா?" என்றார் அஞ்சலை. டீக் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

அதன்பிறகு நான் அவரை நேரில் பார்த்தது ஒரு முறை, விழுப்புரம் ரயில் நிலையத்தில். மடியில் ஒரு தூக்குப் பாத்திரம். பூங்காவனத்துக்கு மாதம் ஏழு என்றார். வண்டி வந்ததும் போய்விட்டார். மற்றதெல்லாம் ஏழுமலை சொல்லித் தெரிந்தது. காலையில் கட்டுப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டாகச் சொல்வான். ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில். முதல் பிள்ளை பெண். அடுத்தது ஆண். இரண்டும் விழுப்புரத்தில்.

பூங்காவனம் தன் ஊருக்கு ஒரே ஒரு முறை வந்தாள். அஞ்சலையின் பாடையைத் தூக்கிய அன்று. குப்பம்மாளும் கூட வந்தார். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லாம் முடியும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.